எந்தப் பிள்ளையை அனுப்புகிறார்கள்?

பதினொரு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. இதை முதலில் சொல்லாமல் மற்றதைப் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் காலனியில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். சமுதாயக்கூடத் திண்ணைதான் பள்ளிக்கூடம். முப்பது பிள்ளைகள் வரும். மழை என்றால் பத்து. மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பாப்பா நாலு நாளாய் வரவில்லை. பகல் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லையாம். வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "வயித்து வலின்னு சொல்லுதுண்ணே. பள்ளிக்கூடம்னு பேச்செடுத்தாலே வலி வந்துடுது. ஆஸ்பத்திரியில காட்டினேன், ஒண்ணுமில்லைன்றாங்க. நீங்க ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க."

நான் கேட்கக்கூட இல்லை. பாப்பாவே சொன்னது: "சாரு டீ கிளாஸ் கழுவி எடுத்தாரச் சொல்லுவாரு. அந்த ரூமுக்கு நான் போவமாட்டேன்." அதற்கு மேல் அவள் சொன்னதை எழுதப்போவதில்லை. ஊர்ப்பெயர், மாவட்டம் எதையும் எழுதப்போவதில்லை. சட்டம் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் எழுதமாட்டேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் ஹெச்.எம். அம்மாவைப் போய்ப் பார்த்தேன். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்த அதே பள்ளிக்கூடம். அங்கே எனக்குக் கிடைத்த முதல் நாற்காலி அது. "சார் ரிடையர் ஆக ரெண்டு வருஷந்தான் இருக்கு. சாமி மாதிரி மனுஷன். பிள்ளைங்க இப்ப செல்போனைப் பாத்துட்டு என்னென்னமோ சொல்லுதுங்க. பேரு கெட்டுப் போச்சுன்னா அட்மிஷன் விழுந்துடும், பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்க. படிக்கிறது உங்க பிள்ளைங்கதானே?" என்றார்.

கடைசி வார்த்தையைக் கவனியுங்கள் தோழர்களே. ஊர்த்தெருப் பிள்ளைகள் எல்லாம் மஞ்சள் வேனில் ஏறி இங்கிலீஷ் மீடியம் போயாச்சு. இந்தப் பள்ளிக்கூடத்தில் மிச்சம் இருப்பது காலனிப் பிள்ளைகள்தான். மூடினால் நஷ்டம் எங்களுக்கு. ஆகவே நீ வாயை மூடிக்கொள். எவ்வளவு நேர்த்தியான தர்க்கம்! எங்கள் பிள்ளையின் படிப்பையே எங்கள் பிள்ளையின் வாய்க்குப் பூட்டாகப் போட்டார்கள்.

நாலாம் நாள் எங்கள் ஆள் ஒருவர் வந்தார். கொடிக்கம்பம் நட்டபோது என்னோடு சேர்ந்து குழி தோண்டியவர். "பொட்டப் புள்ள விஷயம். வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன்டா கட்டுவான்? ஊர்க்காரனோட இப்பதான் கொஞ்சம் சுமுகமா இருக்குது. அம்பதாயிரம் தர்றேன்றாங்க. அந்த வாத்தியாரை மாத்திடுவாங்க. முடிச்சிக்குவோம்" என்றார். மாற்றுவது என்றால் எங்கே மாற்றுவார்கள்? இன்னொரு காலனிக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு. இதைக்கூட அவரிடம் நான் கேட்கவில்லை. என் அண்ணன் ஊர்க்காரர் நிலத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்திருக்கிறான், அறுவடைக்கு ஒரு மாசம் இருந்தது. இதுதான் காரணம். கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசும்போது இந்த மாதிரிக் காரணங்களை நாம் சொல்வதில்லை.

பன்னிரண்டாம் நாள் அந்த அம்மாவே போன் போட்டுவிட்டார். பள்ளிக்கூடச் சுவரில் 1098 என்று நீலப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. அவருக்கு எழுத்து தெரியாது. நம்பர் தெரியும், கூலிக் கணக்கு பார்க்கிறவர் இல்லையா. "அது எதுக்கான நம்பருன்னு சத்துணவு ஆயாவைக் கேட்டேன்ணே. புள்ளைங்களுக்கு ஒண்ணுன்னா கூப்பிடுறதுன்னு சொல்லுச்சு. கூப்பிட்டேன்." அவ்வளவுதான். அம்பேத்கர் பேச்சும் எழுத்தும் தொகுதிகளை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிற நான் பண்ணாத காரியத்தை அவர் ஒரு ரீசார்ஜ் தீர்ந்துபோன செல்போனில், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிப் பண்ணினார்.

2012இல் வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு ரொம்பத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு குழந்தைக்கு இப்படி நடந்திருக்கிறது என்று தெரிந்தவர், ஏன், நடக்கலாம் என்று அஞ்சுகிறவர்கூட, போலீசிலோ சிறார் காவல் பிரிவிலோ சொல்லியே ஆகவேண்டும். ஹெச்.எம். மட்டுமல்ல, யாராக இருந்தாலும். சொல்லாமல் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை ஜெயில், நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் என்றால் ஒரு வருஷம் வரை. ஆக, ஹெச்.எம். அம்மாவும் நானும் அந்தப் பதினொரு நாளும் ஒரே குற்றத்தைத்தான் செய்துகொண்டிருந்தோம். அவருக்கு நாற்காலி, எனக்குத் திண்ணை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, நான் எழுத உட்கார்ந்தது என் பாவமன்னிப்புக்காக அல்ல. எனக்கு ஒரு கேள்வி. டீ கிளாஸ் கழுவ எந்தப் பிள்ளையை அனுப்புகிறார்கள்?

நான் படிக்கிற காலத்திலும் இதே கதைதான். காலையில் மணி அடிப்பதற்கு முன்னாடி முற்றம் கூட்டுவது நாங்கள். தண்ணீர் எடுத்து ஊற்றுவது மட்டும் நாங்கள் கிடையாது, அது ஊர்த்தெருப் பையன்கள். கூட்டுவதற்குக் கை ஆகும், குடம் தொடுவதற்குக் கை ஆகாது. மத்தியானம் வாத்தியார் மாட்டுக்குப் புல் அறுத்துவரச் சொல்வார். எங்களை அடிப்பதற்குத் தனியாக ஒரு நீளக் குச்சி வைத்திருந்தார். ஊர்த்தெருப் பையன் என்றால் காதைப் பிடித்துத் திருகுவார், முதுகில் கையால் வைப்பார். எங்களுக்குக் குச்சிதான். அந்த வயதில் எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது, நம்ம மேல சாரு கை வைக்கமாட்டாரு என்று. தீட்டு என்று புரிவதற்கு ஏழாம் வகுப்பு ஆயிற்று.

தொடக்கூடாத உடம்பு. ஆனால் எல்லா வேலைக்கும் கூப்பிடக்கூடிய உடம்பு. அறையில் வேறு யாரும் இல்லை என்றால், கதவு சாத்தியிருக்கிறது என்றால், தீட்டு காணாமல் போய்விடும் உடம்பு. பண்ணையில் வேலை செய்த நம் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் இது தெரியும். அதையேதான் ஒரு தொடக்கப் பள்ளியின் சாமான் அறையில் எட்டு வயதுப் பிள்ளை தெரிந்துகொண்டிருக்கிறது.

எந்தப் பிள்ளையை வகுப்பிலிருந்து எழுப்பி வெளியே அனுப்புகிறார்களோ, அந்தப் பிள்ளைதான் கண்ணுக்கு மறைவாகப் போகிறது. பாடம் நடக்கும்போது கக்கூஸ் கழுவப் போகிறது, சாமான் அறையைக் கூட்டப் போகிறது, கடைக்கு ஓடுகிறது. அரைமணி நேரம் காணோம் என்றால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை, வேலைக்குத்தானே போயிருக்கிறது. கெட்ட எண்ணம் உள்ள ஒருத்தன் பள்ளிக்கூடத்தில் இருந்தால் அவன் தேடுவது வாய்ப்பான பிள்ளையை. எந்தப் பிள்ளையின் அப்பன் ஸ்டேஷன் வாசலை மிதிக்கப் பயப்படுவான், எந்தப் பிள்ளை சொன்னால் ஊர் நம்பாது, எந்த வீட்டுக்கு அம்பதாயிரம் பெரிய பணம் என்பதெல்லாம் அவனுக்காக ஏற்கனவே சாதி கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அவன் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆகவேதான் நான் சொல்கிறேன், பிள்ளைகளின் பாதுகாப்பு என்கிற பேச்சை விளக்குமாற்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளியின் தலைமையாசிரியை கைதானார். தலித் பிள்ளைகளை மட்டும் பிளீச்சிங் பவுடர் கொடுத்துக் கழிப்பறை கழுவ வைத்தார் என்று வழக்கு. அது எப்படி வெளியே வந்தது என்று பாருங்கள். ஒரு பையனுக்கு டெங்கு காய்ச்சல் வந்தது. எப்படி வந்தது என்று அம்மா துருவிக் கேட்டபோதுதான் கக்கூஸ் தொட்டித் தண்ணீர்க் கதை வந்தது. கொசு கடிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் கழுவிக்கொண்டிருப்பான். நம் பிள்ளைகள் ஏன் வீட்டில் சொல்வதில்லை? சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது என்று நினைக்கின்றன. அம்மாவும் கூட்டிப் பெருக்குகிறாள், பாட்டியும் பெருக்கினாள். இது ஒரு புகார் என்றே பிள்ளைக்குத் தெரியவில்லை. முதல் வேலையைப் புகாராகச் சொல்லத் தெரியாத பிள்ளை, அதற்குப் பிறகு நடப்பதை எந்த வாயால் சொல்லும்?

சதாராவில் பள்ளியில் படித்த பீமாராவ் வீட்டிலிருந்து சாக்குத் துண்டு கொண்டுபோய் அதன்மேல் தனியாக உட்கார்ந்தார். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு வீடு திரும்பினார். 1995இல் சேலம் மாவட்டத்தில் சாதி இந்துப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்த தலித் சிறுமியை வாத்தியார் அடித்ததில் ஒரு கண்ணின் பார்வை போயிற்று. 2022இல் ராஜஸ்தான் ஜாலோர் மாவட்டத்தில் ஒன்பது வயதுத் தலித் பையன் ஆசிரியரிடம் அடிபட்டு, சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் முன்னதாகச் செத்துப்போனான். பானையைத் தொட்டதற்குத்தான் அடித்தார் என்று குடும்பம் சொன்னது, அப்படித் தனிப் பானையே கிடையாது என்று எதிர்த்தரப்பு சொன்னது. பானை இருந்ததா இல்லையா என்று நாடு முழுக்க விவாதம். பிள்ளை இல்லை என்பதில் மட்டும் விவாதம் இல்லை.

இங்கே நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது நம் அப்பன்மார்கள் வாத்தியாரிடம் என்ன சொல்லிவிட்டு வருவார்கள்? "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்த எடத்துல தோலை உரிச்சிடுங்க சார்." என் அப்பாவும் சொன்னார். படிப்பு வந்தால் போதும் என்கிற தவிப்பு அது, எனக்குப் புரிகிறது. ஆனால் சேலத்துப் பிள்ளையிடம் அந்தக் கண்ணைக்கூட விட்டுவைக்கவில்லை. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நாள் முதல் பிள்ளையை அடிப்பதும் மனசு நோகப் பேசுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதைச் சொன்னால் காலனியிலேயே சிரிக்கிறார்கள். "அடிக்காம எப்படிப்பா படிப்பு வரும்?" அடி வாங்கியே பழகிய பிள்ளைக்குத் தன் உடம்பு தன்னுடையது என்கிற நினைப்பு எப்படி வரும்? பெரியவர் யார் கை வைத்தாலும் அசையாமல் நிற்க வேண்டும் என்பதைத்தான் குச்சி கற்றுக் கொடுக்கிறது. பிறகு அந்தப் பாடத்தை இன்னொருத்தன் பயன்படுத்திக்கொள்கிறான்.

2021 மே மாதம் சென்னையில் ஒரு பெரிய தனியார் பள்ளியின் முன்னாள் மாணவிகள் வாய் திறந்தபோது தமிழ்நாடே அதிர்ந்தது. நல்லதுதான். அந்தப் பெண்களின் துணிச்சலால்தான் பள்ளிகள்தோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது. புகார்ப் பெட்டியும் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலும் ஒரு பெட்டி தொங்குகிறது. சாவி ஹெச்.எம். மேசை இழுப்பறையில். பெட்டி தொங்கும் உயரத்துக்கு அஞ்சாம் வகுப்புப் பையன் எக்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற மூன்றாம் வகுப்புப் பாப்பா என்ன எழுதிப் போடும்? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள், 2024 ஜூனில் அறிக்கையும் கொடுத்தார். டிவிக்காரர்கள் கையில் கட்டும் கலர் கயிற்றைப் பற்றியே ஒரு வாரம் பேசினார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்குக் கயிறு தெரியாது சாமி. அதன் கையில் இருப்பது விளக்குமாறு.

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. நாலில் மூணு பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு விகிதாச்சார இடம். காகிதத்தில் எங்கள் காலனி அம்மாக்கள் ஆறு பேர் அதில் இருக்கிறார்கள். எனக்கே இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் தெரியும், அவர்களுக்கும் அப்போதுதான் தெரியும். கையெழுத்து மட்டும் வீடு தேடி வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? ஊராட்சித் தேர்தலுக்கு ஒரு மாசம் தூங்காமல் வேலை பார்க்கிற நாம், நம் பிள்ளை ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் இருக்கிற இடத்தின் கமிட்டியைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பொம்பளைங்க சமாச்சாரம், குழந்தை சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். இயக்கத்தில் முக்கியமானவை என்று நாம் வைத்திருக்கிற பட்டியலில் நிலம் இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை இருக்கிறது, தேர் இருக்கிறது. பாப்பாவின் வயிற்று வலி இல்லை.

முதல் தகவல் அறிக்கை போடுவதற்குள் நாங்கள் பட்ட பாடு தனிக் கதை, சுருக்கிச் சொல்கிறேன். போக்சோவில் மட்டும் போடுகிறோம், வன்கொடுமைச் சட்டம் எதற்கு, இதில் சாதி எங்கே வந்தது என்றார்கள். வன்கொடுமைச் சட்டம் சேர்ந்தால் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், முன்ஜாமீன் கிடையாது, நிவாரணம் கொடுக்க வேண்டும். அதனால்தான் அந்த அக்கறை. குழந்தையை வீட்டிலேயே வைத்து, பெண் அதிகாரி, காக்கி உடுப்பு இல்லாமல் வந்து வாக்குமூலம் எடுக்க வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. எங்கள் காலனிக்குள் ஜீப் வந்து நின்றது. இறங்கிய நாலு பேரும் காக்கி. பாப்பா ஓடிப்போய் நெல் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. திருப்பி அனுப்பினோம். சேலை கட்டிக்கொண்டு மறுநாள் ஒரு எஸ்.ஐ. அம்மா தனியாக வந்தார். பாப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அப்படியும் இருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

போலீசைத் திருப்பி அனுப்பிய நாங்கள் எங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பத் திணறிப்போனோம். விஷயம் வெளியே தெரிந்ததும் கார் கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு கட்சி, இரண்டு அமைப்பு, ஒரு உண்மை அறியும் குழு, கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர். எல்லோரும் நல்லவர்கள், கோபம் உள்ளவர்கள். எல்லோருக்கும் பாப்பாவைப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருத்தர் செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். நீதிமன்றமே பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு சாட்சி கேட்கக்கூடாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நமக்கு மட்டும் அது பொருந்தாதா? கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளையிடம் "எங்கம்மா தொட்டாரு, காட்டு" என்று கேட்கிற தோழரைப் பார்த்து என் உடம்பு எரிந்தது.

1995இல் நான் கல்லூரியில் படித்தேன். சேலத்துப் பிள்ளைக்காக ராத்திரி பூராவும் சைக்கிளில் போய் போஸ்டர் ஒட்டியவன் நான். அதில் அவள் பேரும் ஊரும் பெரிய எழுத்தில் இருந்தது. அது நியாயமான கோபம், இன்றைக்கும் நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அவள் பெரியவளாகி எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் போஸ்டர் அவளுக்கு முன்னால் போய் நிற்குமே என்று அன்றைக்கு நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளை ஒரு பானைக்காக அடித்தார்கள், நாங்கள் அவளை ஒரு கோஷமாக ஆக்கினோம். இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். ஒன்றுமில்லை என்றும் சொல்லமாட்டேன். இந்தக் கட்டுரையில் பேர் இல்லாததற்குக் காரணம் இதுதான்.

இப்போது பாப்பாவின் அம்மா மேலாண்மைக் குழுவில் நிஜமாகவே உட்காருகிறார். முதல் கூட்டத்தில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "டீ யாரு வாங்கியாறது? கக்கூஸ் யாரு கழுவுறது? சாமான் ரூமு சாவி யாருகிட்ட இருக்குது? இதை மொதல்ல எழுதுங்க." எழுதினார்கள். பாடவேளையில் எந்தப் பிள்ளையையும் எந்த வேலைக்கும் தனியாக அனுப்பக்கூடாது என்று தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. கழிப்பறைக்கு ஊராட்சி ஆள் போட வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறோம். புதிதாக வருகிற ஆளும் எங்கள் காலனியிலிருந்துதான் வருவார் என்பது எனக்குத் தெரியும், அந்தச் சண்டை அடுத்தது. மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் பழைய தொடக்கப் பள்ளிக்குக் காலை எட்டரை மணிக்குப் போய் வாசலில் நில்லுங்கள். யார் கூட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு நாள் போதாது, ஒரு வாரம் பாருங்கள். பிறகு மேலாண்மைக் குழுவில் உங்கள் தெரு ஆள் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

அந்த வாத்தியார் சஸ்பெண்டில் இருக்கிறார். முடிந்தவரை ஒரு வருஷத்துக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம், எங்களுக்கு இரண்டாவது வருஷம் ஓடுகிறது. என் அண்ணனுக்குக் குத்தகை போயிற்று. அவன் என்னோடு பேசி நாலு மாசமாகிறது.

பாப்பா திரும்பவும் சாயங்காலம் வருகிறாள். போன வாரம் தலைவலியாக இருந்தது எனக்கு. முன்னால் உட்கார்ந்திருந்த பையனைப் பார்த்து, "டேய், ஓடிப்போய் ஒரு டீ வாங்கிட்டு வா" என்றேன். அவன் எழுந்துவிட்டான். கடைசி வரிசையிலிருந்து பாப்பா சிலேட்டை விட்டுத் தலையைத் தூக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை உட்காரச் சொல்லிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கடைக்கு நானே போனேன்.